ஒரு பிளக் மட்டும் கறுத்திருந்தால்?

கேள்வி: என் பெட்ரோல் கார் 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது, நாலு சிலிண்டர். ஸ்பார்க் பிளக் மாற்றியபோது பழசைக் கேட்டு வாங்கி வந்தேன். மூன்று லேசான பழுப்பு. ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருக்கிறது. ‘பிஸ்டன் ரிங் போயிடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்’ என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மூன்று பிளக்கின் லேசான பழுப்பு நிறம் அந்த மூன்று சிலிண்டரும் ஒழுங்காக எரிகின்றன என்பதற்கு அடையாளம். ஏர் ஃபில்டர் அடைப்பு போன்ற பொதுவான கோளாறு என்றால் நாலுமே கறுத்திருக்கும். ஆகவே கோளாறு அந்த ஒரு சிலிண்டரில்தான்.

முதலில் அந்த ஈரம் என்னவென்று பாருங்கள். வெள்ளைத் துணியில் பிளக் நுனியை ஒற்றி எடுங்கள். பெட்ரோல் என்றால் வாசனை அடிக்கும், சற்று நேரத்தில் காய்ந்துவிடும். பெரும்பாலும் அங்கே தீப்பொறி விழவில்லை என்று அர்த்தம். அந்த சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டினால், மிஸ்ஸிங்கும் (சிலிண்டர் எரியாமல் விடுவது) கூடவே இடம் மாறுகிறதா என்று தெரியும். மாறினால் காயில்தான் குற்றவாளி.

துணியில் பிசுபிசுவென்று கறை நின்றால் ஆயில். அது எதுவரை இருக்கிறது என்பது முக்கியம். நட்டுப் பகுதியும் மேலே உள்ள பீங்கானும் மட்டும் நனைந்து, நுனி உலர்ந்திருந்தால், டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பக்கத்து சீல் கசிந்து பிளக் குழிக்குள் ஆயில் இறங்கியிருக்கிறது. ரப்பர் சீலோடு முடிகிற வேலை. இதற்குப் போய் இன்ஜினைப் பிரிப்பது அநியாயம்.

நுனியே ஆயிலில் ஊறியிருந்தால் வால்வு சீல் (வால்வு தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுப்பது) அல்லது ரிங். அப்போது கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பிளக் துளையில் கேஜ் வைத்து அளப்பது) கேளுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்து, காயில் கனெக்டர்களையும் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு சுற்று செல்ஃப் அடிக்க வேண்டும். அளவு குறைவாக வரும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியிலுள்ள சீல்). நாலும் ஏறக்குறைய சமமாக வந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு சீல் மேல்தான் சந்தேகம். பல இன்ஜின்களில் ஹெட்டை இறக்காமலே அதை மாற்றலாம். காகிதத்தில் நாலு அளவையும் எழுதி வாங்காமல் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: நாலு பிளக்கும் உலர்ந்த கரியாக இருக்கின்றன. தினமும் 4 கி.மீ.தான் ஓட்டம், அதுவும் டிராஃபிக்கில்.
– வாசகி, பெங்களூரு

பதில்: பிளக் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் கரி தானாக எரியும். உங்கள் ஓட்டத்தில் அந்தச் சூடு ஏற வழியில்லை. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். வாரம் ஒருமுறை தும்கூர் ரோட்டில் அரைமணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். பிறகும் கரி படிந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை (புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளப்பது) சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிளக்கின் பீங்கானில் இரும்பை ஒட்டி பழுப்பு வளையம் தெரிகிறது. சிலிண்டரிலிருந்து கேஸ் கசிவா?

பதில்: அநேகமாக இல்லை. உயர் மின்னழுத்தத்தால் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்கள் ஒட்டிய கறை அது, கெடுதல் இல்லை. பீங்கானில் மேலிருந்து கீழாக பென்சில் கோடு போலக் கறுப்பாக இருந்தால் மட்டும் பிளக்கோடு அதன் மேல் மாட்டும் ரப்பர் உறையையும் (பூட்) மாற்றுங்கள். உறையிலும் அதே தடம் பதிந்திருக்கும். பழைய உறையையே போட்டால் புது பிளக்கிலும் கோடு விழும்.