வியாழக்கிழமை செபமாலையில் எந்த இரகசியங்கள்?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அம்மா இறந்து முப்பதாம் நாள் வரை வீட்டில் தினமும் செபமாலை சொல்கிறார்கள், வியாழக்கிழமை வந்தால் மட்டும் மனத்தாங்கல். செபமாலையில் பத்து மணிக்கு ஒன்றாகத் தியானிக்கும் இயேசு, மாதா வாழ்வின் நிகழ்வுகளைத்தான் பழைய வழக்கில் தேவ இரகசியங்கள் என்றும் இப்போது மறையுண்மைகள் என்றும் சொல்கிறோம். சித்தி சந்தோஷ தேவ இரகசியங்களைத் தொடங்குகிறார், மகள் ஒளியின் மறையுண்மைகள்தான் என்கிறாள். போதாததற்கு மணிக்கு மணி சொல்லும் மாதா செபத்தைச் சித்தி "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று சொல்ல, பிள்ளைகள் "அருள் நிறைந்த மரியே" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரிதான், சகோதரி. சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, திருச்சபையே அப்படித்தான் விட்டிருக்கிறது.

ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 2002 அக்டோபர் 16 அன்று வெளியிட்ட திருத்தூது மடலில். அதுவரை வியாழனுக்கு சந்தோஷம், சனிக்கிழமைக்கு மகிமை. அவர் வியாழனை ஒளிக்குக் கொடுத்துவிட்டு, சந்தோஷத்தை மாதாவின் நாளான சனிக்கு மாற்றினார். ஒளியின் ஐந்தாவது மறையுண்மை நற்கருணையை ஏற்படுத்தியது, அது நடந்தது பெரிய வியாழன் இரவில், அதனால் அந்தக் கிழமை பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் இது கட்டளை இல்லை. தனி ஆட்களும் சமூகங்களும் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அதே மடலில் எழுதியிருக்கிறார். உங்கள் சித்தி சந்தோஷம், துக்கம், மகிமை மூன்றையும் சேர்த்து 153 மணி சொல்லி வளர்ந்தவர். அதில் 150 என்பது சங்கீதங்களின் எண்ணிக்கை, அதை மாற்றினால் அவருக்கு மனசு கேட்காது. அவர் எதையும் மீறவில்லை.

வார்த்தை விஷயத்தில் நான் இன்னும் உறுதியாகவே சொல்வேன்: பழைய மந்திரத்தைத் திருத்தாதீர்கள். பிரியதத்தம் என்றாலும் அருள் என்றாலும் ஒன்றுதான். "இஸ்பிரீத்து சாந்து" போர்த்துக்கீசியர் காலத்துச் சொல், இப்போது தூய ஆவியார் என்கிறோம், இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. எழுபது வருஷமாக நாக்கில் ஊறிய செபத்தை, அதுவும் அக்காவைப் பறிகொடுத்த நேரத்தில், பாதியில் நிறுத்தித் திருத்தினால் அவர் அடுத்த நாள் வாயே திறக்கமாட்டார். அப்படி அமைதியாகிப்போன பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன், ரொம்ப வருத்தமாக இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு பத்து மணிகளைச் சித்தி முன்சொல்லட்டும், மூன்றை மகள். முன்சொல்பவர் எந்த வார்த்தையில் தொடங்குகிறாரோ அதிலேயே மற்றவர்கள் பதில் சொல்லுங்கள், வாய் தடுமாறாது. பிள்ளைகளுக்குப் பழையது தெரியாதென்றால் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். இரகசியங்களை வாரம் மாற்றி வாரம் வைத்துக்கொள்ளலாம். துக்க வீடு என்பதால் துக்க தேவ இரகசியங்களையே எல்லா நாளும் சொல்ல நினைத்தாலும் தடையில்லை.

அப்புறம், மாதாவை ஒவ்வொரு பெயராகச் சொல்லி வேண்டிக்கொள்ளும் மாதா மன்றாட்டு மாலை. 2020 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் மூன்று மன்றாட்டுகளைச் சேர்த்தார்: இரக்கத்தின் தாய், எதிர்நோக்கின் தாய், புலம்பெயர்ந்தோரின் ஆறுதல். சித்தியின் பழைய புத்தகத்தில் இவை இருக்காது. மூன்றாவதை மட்டுமாவது அவரிடம் சொல்லிப் பாருங்கள், நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி இங்கே வந்தவர்கள்தானே. "பாவிகளுடைய அடைக்கலமே" என்ற வரிக்கு அடுத்து அதைப் பென்சிலால் எழுதிக்கொடுங்கள்.