ரேடான்: விற்றவருக்கு அன்றைக்கே தெரியுமா?

கேள்வி: அமெரிக்காவில் இரண்டு வருடங்களுக்கு முன் வீடு வாங்கினோம். மகனின் படுக்கையறை பேஸ்மென்ட்டில். போன மாதம் கிட் வாங்கி ரேடான் வாயுவைச் சோதித்தால் லிட்டர் காற்றுக்கு 11 பிக்கோகியூரி (கதிரியக்க அளவின் அலகு) வந்தது. மனைவிக்கு ஆறு மாதமாக விடாத இருமல். "ராசியான வீடு" என்று கையைப் பிடித்துச் சொல்லி விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. எங்களுக்கு முன் விலை பேசிய ஒரு குடும்பம் ரேடான் டெஸ்ட் எடுத்த பிறகு பின்வாங்கியதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். விற்றவர் மீது வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்க முடியுமா?

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது மட்டும்தான் வழக்கு. ராசி, நம்பிக்கை, எடுக்காத போன் எதுவும் கோர்ட்டில் நிற்காது.

வீட்டில் ரேடான் இருப்பது யாருடைய குற்றமும் இல்லை. மண்ணிலுள்ள யுரேனியம் சிதைந்து வரும் வாயு அது. தரை விரிசல், சம்ப் குழி (பேஸ்மென்ட் தரையில் நீர் சேரும் குழி), குழாய் இடுக்கு வழியாக ஏறுகிறது. வீட்டின் குறைகளை விற்பவர் எழுதித் தரும் விற்பனைப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்று விற்றவருக்கு அந்த அளவு தெரியுமா என்பதே கேள்வி. விற்குமுன் சோதித்தே ஆக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும் என்று பல மாநிலங்களில் இருக்கிறது. படிவத்தில் "தெரியாது" என்று டிக் அடித்திருக்கிறார், பின்வாங்கிய குடும்பத்தின் ரிப்போர்ட் அதற்கு முன்பே அவருக்கோ அவருடைய ஏஜென்டுக்கோ மின்னஞ்சலில் போயிருக்கிறது என்றால் உங்களுக்கு வழக்கு உண்டு. அந்தக் காகிதம் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுப் பேச்சு வெறும் பேச்சுதான்.

இனி, இப்படி வருகிறவர்கள் கெடுத்துக்கொள்ளும் இடங்கள்.

முதலில் இருமல். அதை நோட்டீஸில் எழுதாதீர்கள். ரேடான் இருமலையோ தலைவலியையோ உடனே கொண்டுவருவதில்லை. அதன் சிதைவில் வரும் பொலோனியம் போன்றவை நுரையீரலில் தங்கிக் கதிர்வீசி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம் என்பதுதான் ஆபத்து. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்கு ரேடான் காரணம் என்பது அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. ஆனால் அது நாடு முழுவதுக்குமான கணக்கு; உங்கள் மனைவியின் இருமலுக்குச் சாட்சி இல்லை. உடல்நலத்தை இழுத்த அடுத்த நிமிடம் எதிர்த்தரப்பு மருத்துவக் கோப்பு முழுவதையும் கேட்கும். வீட்டில் யார் சிகரெட் பிடிக்கிறார் என்று கேட்கும். இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள், வக்கீலை வேண்டாம்.

அடுத்தது உங்கள் 11. கிட்டை எங்கே வைத்தீர்கள்? சம்ப் குழிக்குப் பக்கத்தில் தரையிலா, மகன் தூங்கும் அறையில் மூச்சு விடும் உயரத்திலா? குறுகிய காலச் சோதனை என்றால் அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே கதவு ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். கிட்டின் தேதி, எண், ரசீது எங்கே? குறுக்கு விசாரணையில் இதையெல்லாம் கேட்டால் உங்கள் 11 நிற்காது. சான்று பெற்ற நிபுணரை வைத்து மறுபடி அளந்து ரிப்போர்ட் வாங்குங்கள்.

இதிலும் இரண்டு விதமாக விழுகிறார்கள். சிலர் பயத்தில் மறுநாளே தரையடி வாயுவை வெளியே இழுக்கும் ஃபேனும் குழாயும் போட்டுவிடுவார்கள். அளவு 2-க்கு இறங்கிவிடும், பழைய நிலைக்கு நல்ல ஆதாரம் இருக்காது. சிலர் வழக்கு முடியட்டும் என்று ஒன்றும் செய்யாமல் இருப்பார்கள். அது இன்னும் மோசம். அந்த முகமை 4-ஐத் தொட்டாலே சரிசெய்யச் சொல்கிறது. "11 என்று தெரிந்த பிறகும் எத்தனை மாதம் மகனைக் கீழே படுக்க வைத்தீர்கள்?" என்று எதிர் வக்கீல் கேட்பார். கேட்டால் பதில் இருக்காது. மகனை இன்றே மாடிக்கு மாற்றுங்கள். அளந்து, தரையையும் விரிசலையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உடனே வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை, அதனால்தான் சந்தேகம். வாங்கும்போது இன்ஸ்பெக்‌ஷனில் ரேடான் சோதனை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டீர்களா? வீடு கைநழுவிப் போகும் என்ற அவசரத்தில் பலர் போடுகிறார்கள். தெரிந்தே பொய் சொன்னவரை அது எப்போதும் காப்பாற்றாது, ஆனால் உங்கள் பேரம் பேசும் பலம் பாதியாகிவிடும்.

என் யோசனை: சமரசம். குழாய் போட்டுச் சரிசெய்ய ஆகும் செலவு பெரும்பாலும் ஓராயிரம், ஈராயிரம் டாலர். வக்கீல் செலவு அதைச் சில வாரங்களில் தாண்டிவிடும். தோற்றவர் எதிர்த்தரப்பு வக்கீல் செலவையும் கட்ட வேண்டும் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால் இன்னும் கஷ்டம். நிபுணர் ரிப்போர்ட், வேலைக்கான பில், பின்வாங்கிய குடும்பத்தின் டெஸ்ட் பற்றி ஒரே ஒரு கேள்வி: இவை மட்டும் வைத்துக் கடிதம் அனுப்புங்கள். திட்டி வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால் இனி அனுப்பாதீர்கள், அனுப்பியதை அழிக்கவும் செய்யாதீர்கள். பணம் தர வந்தால், எதிர்கால உடல்நலக் கோரிக்கைகளையும் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறார்களா என்று அந்த ஊர் வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இரண்டு வருடம் ஆகிவிட்டதால் அதை இந்த வாரமே கேளுங்கள்.

நாளை இந்த வீட்டை விற்கும்போது அதே படிவம் உங்கள் கைக்கு வரும். இந்த 11 இனி உங்களுக்குத் தெரிந்த எண். "தெரியாது" என்று டிக் அடித்துவிடாதீர்கள்.