திருச்செந்தூரில் தங்கவா, மணப்பாட்டில் தங்கவா? கடற்கரைப் பயணக் கேள்வி பதில்

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து குடும்பத்தோடு கடலுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். திசையன்விளையில் வேன் ஓட்டுகிறேன். உவரியிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் இந்தக் கரையில்தான் என் சோலி. கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, ரெண்டு நாள் லீவு. மாமியாருக்கு எழுபது தாண்டியாச்சு, மூட்டுவலி வேற. சின்னப் பிள்ளைகள் ரெண்டு. வீட்டுக்காரர் "கூட்டமே வேண்டாம், மணப்பாட்டுல தங்குவோம்"ங்கிறார். எனக்குத் திருச்செந்தூர்தான் தோதுன்னு படுது. நீங்களே சொல்லுங்க.

திருச்செந்தூரில் தங்குங்கம்மா. மணப்பாட்டுக்கு ஒரு சாயங்காலம் போய்ட்டு வாங்க. சுமார் 18 கிலோமீட்டர்தான்.

எங்கே தங்குவது என்பதை உங்களில் மூத்தவரையும் இளையவரையும் வைத்து முடிவு பண்ண வேண்டும். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தாலோ, மாமியாருக்கு மாத்திரை தீர்ந்துபோனாலோ திருச்செந்தூரில் ஒரு கதவைத் தட்டலாம். மணப்பாடு மீன்பிடிக்கிற ஊர். விடியுமுன்னே கடலுக்குப் போகிற ஜனம், அதனால் ஊர் சீக்கிரம் அடங்கிவிடும். தங்க இடமும் கொஞ்சம்தான். முன்கூட்டிப் பேசி வைக்காமல் போனால் ராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும்.

உங்க வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் பயப்படுவது நியாயம். ஆனால் கூட்டம் நாளைப் பொறுத்தது. செவ்வாய், வியாழன், ஞாயிறு, கிருத்திகை, சஷ்டி, பௌர்ணமி எல்லாவற்றையும் தள்ளுங்கள். பௌர்ணமிக்குத் திரண்டு வருகிற வழக்கம் இப்போது ரொம்பப் பெருகிவிட்டது. அன்றைக்கு ஊருக்குள் வண்டி நுழைவதே பெரும்பாடு. புதன்கிழமை வெள்ளனே போய்ப் பாருங்கள், அதே சந்நிதி, அதே கடல், நிம்மதியாக நின்று கும்பிடலாம். நாழிக்கிணற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் வந்துவிடாதீர்கள். பெரிய கிணற்றுக்குள்ளே சின்னதாக ஒரு சதுரக் கிணறு, கூப்பிடு தூரத்தில் கடல், ஆனாலும் தண்ணீர் நல்ல தண்ணீர். எதனால் உப்புக் கரிக்கவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட எடை குறைவு, அதனால் அதன்மேல் தங்கி நிற்கும் என்று சொல்லிக்கொடுங்கள்.

மணப்பாட்டுக்கு நாலு மணி வாக்கில் போங்கள். மணல் குன்றின்மேல் 1581-இல் எழும்பிய திருச்சிலுவைக் கோயில் இருக்கிறது. அங்கே நின்றால் ஒரு பக்கம் அலையடிக்கிற கடல், மறுபக்கம் அலையே இல்லாத கழி. கழியோரம் ஃபைபர் படகுகளை ஏற்றிப் போட்டிருப்பார்கள், பக்கத்திலேயே வலைக் கிழிசல் தைத்துக்கொண்டிருப்பார்கள். மாமியார் மேலே ஏற வேண்டாம், கீழே கழிப்பக்கம் உட்கார்ந்தாலே போதும், காற்று அப்படி வரும். செப்டம்பர் 14 வரை நடக்கிற மகிமைப் பெருவிழா நாட்களில் அமைதியைத் தேடி அங்கே போகாதீர்கள். அது கும்பிடப் போகிற நேரம்.

தென்காசி: தூத்துக்குடி பக்கம் தீவுகள் இருக்கே, அதுல ஏதாவது ஒரு தீவுக் கிராமத்தில் தங்க முடியுமா?

முடியாது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே இருக்கிற 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவானவை. குடியிருப்பு கிடையாது, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கவும் முடியாது. யாராவது "படகு பேசித் தாரேன்" என்றால் நம்பிப் போகாதீர்கள். சுற்றியிருந்த பவளப்பாறைகளை வெட்டியெடுத்து அந்தத் தீவுகளைத் தேய்த்தது போதும். தூத்துக்குடிக் கூட்டத்தில் ஒரு தீவு ஏற்கனவே கடலுக்குள் மூழ்கிவிட்டது.

தீவில் ஜனங்களோடு தங்கத்தான் ஆசை என்றால் பாம்பன் தீவு இருக்கிறது. ராமேஸ்வரம் ஊருக்குள் தங்காமல் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் அறை பாருங்கள். சாலைப் பாலம் 1988-இல் வந்தது, புதிய ரயில் பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பொழுது சாய்ந்தால் அங்கே இருக்க விட மாட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது, இடிந்த கோயில் சுவரில் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம்.

மேலப்பாளையம்: கன்னியாகுமரி? மே மாசம்.

மே மாதம் வேண்டாம் என்பேன். படகு வரிசையிலேயே பாதி நாள் போய்விடும், கடல் சீற்றமாக இருந்தால் படகையும் நிறுத்திவிடுவார்கள். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் போட்டு 2024 டிசம்பரில் திறந்தார்கள். அது வந்தபிறகு கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. பிப்ரவரியில் ஒரு வாரநாள் பாருங்கள்.

அம்பாசமுத்திரம்: அண்ணே, நாங்க காலேஜ் பசங்க ஆறு பேர். திருச்செந்தூர்ல கூட்டத்துல குளிக்கப் பிடிக்கல. உவரி, மணப்பாடு மாதிரி ஆளில்லாத கரையில இறங்கலாமா? எல்லாருக்கும் நீச்சல் தெரியும்.

தம்பி, இறங்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தது தாமிரபரணி நீச்சல். ஆற்றில் இழுப்பு எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியும். கடலில் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும்போது ஓரிடத்தில் மட்டும் வேகமாக உள்ளே இழுக்கும். அந்த இடத்தில் அலை குறைவாக இருக்கும். பார்க்க அதுதான் குளிக்க நல்ல இடம் மாதிரித் தெரியும். அதில் மாட்டிக்கொண்டவர் கரையைப் பார்த்து நேராக நீந்தினால் களைத்துப் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

கள்ளக்கடல் என்று இன்னொன்று உண்டு. தூரத்துத் தெற்குச் சமுத்திரத்தில் எங்கோ அடித்த புயலில் கிளம்பிய அலை, இங்கே காற்றும் இல்லாமல் மேகமும் இல்லாமல் திடீரென்று கரையேறும். 2024 மே 6-ஆம் தேதி குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்கள். வயசுப் பிள்ளைகள். அன்றைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. கிளம்புகிற அன்று காலையில் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். போன இடத்தில் வலை தைக்கிற பெரியவர் ஒருவரிடம் "இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். குளித்தே ஆக வேண்டும் என்றால் திருச்செந்தூர்தான், சுற்றி ஆள் இருக்கும். அங்கேயும் முட்டளவுக்கு மேல் போக வேண்டாம். கடல் முள்ளெலி குத்தும், அரிப்பினால் கரை திடீர்ப் பள்ளமாகக் கிடக்கிற நாட்களும் உண்டு.

சங்கரன்கோவில்: எந்த மாசம் நல்லது?

தை, மாசி. ஆனி, ஆடியில் நீங்கள் குற்றாலத்துக்கே போங்கள். அங்கே சாரல் விழுகிற காலத்தில் இங்கே மேல்காற்று மணலை வாரிக் கண்ணில் அடிக்கும். ஐப்பசியில் கந்தசஷ்டி, புரட்டாசியில் குலசேகரப்பட்டினம் தசரா. ரெண்டுக்கும் லட்சக்கணக்கில் ஜனம் வரும்.

சென்னை (சொந்த ஊர் நாங்குநேரி): நானும் மனைவியும் மட்டும்தான். சத்தமே இல்லாத இடத்தில் மூணு நாள் இருக்கணும்.

உங்களுக்கு மணப்பாடு. மனசாரச் சொல்கிறேன். காலையில் கழியோரம் நடங்கள், மத்தியானம் தூங்குங்கள், ஒரு நாள் உவரிக்குப் போய்ச் சுயம்புலிங்க சுவாமியையும் கப்பல் மாதா கோயிலையும் பார்த்து வாருங்கள். உவரியில் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் சுமந்து கொட்டுகிற நேர்த்திக்கடன் உண்டு, நின்று பாருங்கள். வழியில் உடன்குடிக் கருப்பட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரை என்றால் பதநீரும் கிடைக்கும்.

ஒரு விஷயம். உங்களுக்கு அது ஓய்விடம், அவர்களுக்கு வீட்டு வாசல். கருவாடு காயப்போடுகிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குப்பியும் நெகிழியும் உங்களோடு திரும்பி வரட்டும். கரையில் உட்கார்ந்து குடிக்கிறவர்களால் அந்த ஊர் ஏற்கனவே நொந்துபோயிருக்கிறது.

வள்ளியூர்: மீன் எங்க நல்லா கிடைக்கும்? மே மாசம் தடைக்காலமாச்சே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு போகும். காலையில் கரைக்குப் போனால் அன்றைக்குப் பிடித்தது கிடைக்கும், விலை கொஞ்சம் ஏறியிருக்கும்.

களக்காடு: கல்யாணமான புதுசு. அந்தமான் போறோம். ஹேவ்லாக்கா, நீலா?

இப்போது அவற்றுக்குப் பெயர் சுவராஜ் தீவு, ஷாஹீத் தீவு. ஸ்கூபா, விதவிதமான சாப்பாடு, ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் எல்லாம் வேண்டுமென்றால் ஹேவ்லாக். நீல் சின்னத் தீவு, காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைக்கிற ஊர், சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். கடல் வற்றுகிற நேரம் பார்த்துப் போனால் இயற்கைப் பாறை வளைவு வரைக்கும் நடக்கலாம். புதுசாகக் கல்யாணமானவர்கள் நீலில் ரெண்டு ராத்திரி, ஹேவ்லாக்கில் ஒன்று போடுங்கள். அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் வெள்ளனே எழுந்திருங்கள். கடல் கெட்டால் கப்பல் ஓடாது. ஆகையால் விமானத்துக்கு முந்தின ராத்திரி கட்டாயம் போர்ட் பிளேருக்கு (இப்போது அதற்கும் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) வந்துவிடுங்கள்.