மகள் போடப்போகும் கையெழுத்து

வணக்கம் சார்.

மகள் ஆர்க்கிடெக்சர் படிக்க ஆசைப்படுகிறாள், ஆனால் "அங்கே நேர்மையாக இருந்தால் பிழைக்க முடியாது" என்று மைத்துனர் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை. பிளானைச் சரியாகப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குகிறவர்கள் உண்டு. டைல்ஸ் கடையில் கமிஷன் வாங்கிக்கொண்டு, விலை கூடின சரக்கை வீட்டுக்காரர் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. மகளுக்கும் அந்த நெருக்கடி வரும்.

ஆனால் அதுதான் தொழில் என்று நினைத்துவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். 1989இல் வந்த தொழில் நடத்தை விதிகள், வேலை பிடிப்பதற்காகக் கமிஷனோ பரிசோ கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்கின்றன. சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் பொறுப்பு உண்டு என்பதும் அதிலேயே இருக்கிறது. மீறினால் பதிவே போகலாம்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்தவர்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று, பள்ளிச் சமையல் கொட்டகையில் பிடித்த தீ வகுப்பறைக் கீற்றுக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. மண் பரிசோதனை, படிக்கட்டின் அகலம், வெளியேறும் வழி எல்லாம் முதலில் காகிதத்தில் பார்க்க வேண்டியவை. பார்த்தேன் என்பதற்குத்தான் கையெழுத்து.

சின்ன விஷயத்திலும் இதே கதைதான். சென்ற மாதம் ஒரு வங்கி வாசலில், சக்கர நாற்காலியில் இருந்த பெரியவரை இரண்டு பேர் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆறு அங்குல உயரத்தில் மூன்று படி, மொத்தம் ஒன்றரை அடி. படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறச் சரிவாகப் போடும் சாய்தளத்துக்கு, ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் 18 அடி வேண்டும். அங்கே இருந்தது ஐந்தடி, அதுவும் வழுக்குகிற கிரானைட். விதிக்காகச் சாய்தளம் போட்டவருக்கு அந்தப் பெரியவர் நினைவில் இல்லை.

இன்னொன்று, ஆர்க்கிடெக்டின் கட்டணம் பெரும்பாலும் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்றுதான் பேசப்படுகிறது. செலவு கூடினால் கட்டணமும் கூடும். அந்த ஆசையைத் தாண்டி, திருவனந்தபுரத்தில் குடியேறிய ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் பல ஆண்டுகள் சிக்கன வீடுகள் கட்டினார். சுவருக்குள் வெற்றிடம் விட்டுச் செங்கல்லை நிறுத்தி அடுக்கும் 'எலிப்பொறிக் கட்டு' முறையில் ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம். அவரைத் தேடி வந்தவர்கள் நிறையப் பேர்.

இப்போது உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். நான் பார்த்த வரையில், மனசாட்சிக்கு விரோதமாகக் கையெழுத்துப் போட்ட இளைஞர்களில் பலர் பேராசைக்காரர்கள் இல்லை. கல்விக்கடன் தவணை கழுத்தை நெரித்தது, அவ்வளவுதான். அதனால் கடன் குறைவான வழியை முதலில் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளிக்கு நாட்டா எனும் ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வு, மத்திய அரசுக் கல்லூரியான திருச்சி என்ஐடிக்கு ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வின் இரண்டாம் தாள். இரண்டையும் எழுதட்டும். கடன் வாங்கி நன்கொடை கட்டும் யோசனை இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஐந்து வருடப் படிப்பில் பயிற்சிக்கு ஓர் அலுவலகத்துக்குப் போவாள். பெரிய பெயரைவிட, பிளானுக்கும் கட்டின கட்டடத்துக்கும் வித்தியாசம் இல்லாத இடமா என்று விசாரியுங்கள். அவர்கள் முடித்த இரண்டு கட்டடங்களை நேரில் போய்ப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம், இந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் ஒரு டேப்பைக் கொடுத்து, உங்கள் ஊர் ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் சாய்தளங்களை அளக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து அவளே கோபமாகப் பேச ஆரம்பித்தால், நாட்டா விண்ணப்பத்தை அன்றைக்கே போட்டுவிடலாம்.