சின்ன நாய்க்குப் பச்சைக் கறி தரலாமா? வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் 2 வயதான, 3.5 கிலோ எடையுள்ள பொமரேனியன் வளர்கிறது. நாய் ஓநாயின் வழிவந்தது, ஆகவே பச்சைக் கறியும் எலும்புமே அதற்கு ஏற்ற உணவு என்று பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகன் சொன்னதால், சென்ற மாதம் முதல் கோழிக்கழுத்து, ஈரல், இரைப்பை ஆகியவற்றை வேகவைக்காமலே கொடுத்து வருகிறோம். ரோமம் பளபளக்கிறது, மலமும் கெட்டியாக, குறைவாகப் போகிறது. ஆனால் வீட்டில் 2 வயதுப் பேத்தியும், வயதான மாமியாரும் இருப்பதால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கிருமி செத்துவிடும் என்கிறான் மகன். தொடரலாமா?
– பாளையங்கோட்டை வாசகி

பதில்: தொடர வேண்டாம் அம்மா. அதே கடையில், அதே கறியை வாங்குங்கள், வேகவைத்துக் கொடுங்கள். உங்கள் மகன் நாயின் மீதுள்ள அக்கறையால்தான் சொல்லியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே அவர் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

ஓநாயின் வழிவந்தது நாய் என்பது உண்மை. ஆனால் மனிதரோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அதன் செரிமானமும் மாறிவிட்டது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் நாய்களின் மரபணுக்களையும் ஓநாய்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டபோது, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் நொதிக்கான மரபணு ஓநாயில் 2 பிரதிகளாக மட்டுமே இருப்பதையும், நாய்களில் அது பல மடங்கு பெருகியிருப்பதையும் கண்டார்கள். நம் சீமைக்கு இது புதிய செய்தி அன்று. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் வேட்டை நாய்கள் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் குடித்து வளர்ந்துதான் முயலை விரட்டிப் பிடித்தன. கறி அவற்றுக்கு என்றைக்கோ கிடைத்த பண்டம். சோறு நாய்க்கு ஆகாது என்பதும், கறி வேகாமல்தான் இருக்க வேண்டும் என்பதும் இரண்டுமே தவறு.

ரோமம் பளபளப்பது கறியில் உள்ள கொழுப்பாலும் புரதத்தாலும்தான். கறியை வேகவைத்தாலும் அவை இரண்டும் அதில் இருக்கும். மலம் கெட்டியாகப் போவதற்குக் கழுத்தெலும்பும் ஒரு காரணம். அது சுண்ணாம்புபோல வெளுத்து, நாய் முக்கி முக்கிப் போகத் தொடங்கினால், அது நல்ல செரிமானத்தின் அடையாளம் அன்று, மலச்சிக்கலின் தொடக்கம்.

இனி ஃப்ரீசர். உறையவைப்பது சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும். ஆனால் சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்களைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், செல்லப்பிராணிகளுக்கென்றே விற்கப்பட்ட 196 பச்சை இறைச்சி உணவு மாதிரிகளில் 15-இல் சால்மொனெல்லாவும் 32-இல் லிஸ்டீரியாவும் இருந்தன. தொழிற்சாலையில் பொதிந்து வரும் உணவிலேயே இந்த நிலை என்றால், காலையில் வெட்டி, வெயிலேறும்வரை பலகையில் கிடந்து, பாலித்தீன் பையில் சுற்றி நம் வீட்டுக்கு வரும் பிராய்லர் கறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் நெல்லை வெயிலில் கறி உறை நீங்கும்வரை சமையல் மேடையில் கிடந்தால், தூங்கிய பாக்டீரியாக்கள் விழித்துப் பெருகிவிடும். மஞ்சள் தடவி நான்கு தண்ணீரில் கழுவினாலும் அவை போவதில்லை. கழுவும் தண்ணீர் தெறிக்கும் இடமெல்லாம் பரவுவதுதான் மிச்சம்.

நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். இதில் அஞ்ச வேண்டியதே அதுதான். சால்மொனெல்லாவை வயிற்றில் வைத்துக்கொண்டு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இல்லாமல் நாய் ஓடியாடித் திரியும். ஆனால் அதன் மலத்தில் அந்தக் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். பொமரேனியன் கொல்லையில் கட்டிப்போடும் நாயும் அன்று, மடியிலும் மெத்தையிலும் கிடக்கும் நாய். பின்புறத்தை நக்கிய நாக்கால் அது பேத்தியின் கன்னத்தை நக்கும்போது தடுக்க யாரும் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. 2 வயதுக் குழந்தைக்கும் வயதான மாமியாருக்கும் அந்தக் கிருமியால் வரும் பேதி, நமக்கு வருவதுபோல இரண்டு நாளில் நின்றுவிடும் பேதியாக இருக்காது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம், நாய்க்கும் பூனைக்கும் வேகாத இறைச்சி தர வேண்டாம் என்று 2012-இல் கொள்கையாகவே அறிவித்தமைக்கு, வீட்டில் உள்ள மனிதரின் நலமும் ஒரு காரணம்.

கோழிக்கழுத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் சின்ன நாய்க்கு ஏற்ற அளவில் இருக்கிறது என்று பலரும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பின்னங்கால்களில் தொடங்கி முன்னங்கால்களுக்கும் பரவும் ஒருவகை நரம்புத் தளர்ச்சி வாதத்தை, பச்சைக் கோழிக்கறியில் இருக்கும் கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவோடு தொடர்புபடுத்துகிறது. அந்த வாதம் வந்த நாய்களிடம் இந்தக் கிருமி இருப்பதற்கான வாய்ப்பு மற்ற நாய்களைவிட 9 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. கழுத்து தொண்டையில் அடைத்துக்கொள்வதும் உண்டு. பெரிய நாய் கடித்து நொறுக்கும். சின்ன நாயோ, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்ற அவசரத்தில் முழுசாக விழுங்கப் பார்க்கும். அப்படி விழுங்கிய துண்டு பெரும்பாலும் இதயத்துக்கும் உதரவிதானத்துக்கும் இடையே உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். நாய் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், எச்சில் நூலாக வடியும், குடித்த தண்ணீர் அடுத்த நிமிடமே அப்படியே திரும்பி வரும். இதைக் கண்டால் வாழைப்பழம், சோற்றுருண்டை என்று எதையும் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள். அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். சமைத்த எலும்பும் ஆகாது. அது ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

அப்படியானால் என்ன கொடுப்பது? கோழி சாப்பிட்டுப் பழகிய, நலமான, 3.5 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 250 முதல் 290 கலோரி போதும். தோல் நீக்கிய எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 115 கிராம் (வேகவைக்கும் முன் நிறுத்தது), ஈரல் 5 கிராம், குழைய வடித்த சோறு 70 கிராம், வேகவைத்து மசித்த பூசணியோ கேரட்டோ 25 கிராம், அரைத் தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். கறியை உள்ளே சிவப்பு முழுவதும் மறையும்வரை வேகவைத்து, வெந்த தண்ணீரையும் சோற்றோடு பிசையுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. வீட்டுக் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய கறித்துண்டிலும் அவற்றின் சாறு இறங்கியிருக்கும் என்பதால் நாய்க்கென்று தனியாகவே சமைக்க வேண்டும். ஈரலை 5 கிராமுக்கு மேல் கூட்டாதீர்கள். நாள்தோறும் அதிகமாகக் கொடுத்தால் வைட்டமின் ஏ உடலில் சேர்ந்து எலும்பு மூட்டுகளை இறுக்கிவிடும்.

இதோடு முட்டையோட்டுத் தூள் 1 கிராம், அதாவது கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, கட்டாயம் சேர வேண்டும். ஓட்டைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலித்து வையுங்கள். விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. அந்த 1 கிராமில் ஏறத்தாழ 380 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ, வைட்டமின் டி ஆகியவை இந்த உணவிலும் குறையும். அவற்றுக்கான கலவையை உங்கள் மருத்துவரிடம் எடையைச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பக் குட்டிக்கு 4 மாதம். வாங்கிய நாள் முதல் எலும்பில்லாத கோழிக்கறியை மட்டுமே, பாதி பச்சையாகவும் பாதி அவித்தும் கொடுத்தோம். இப்போது முன்னங்கால்கள் வளைந்து, நடக்க மறுக்கிறது, தூக்கினால் கத்துகிறது. கால்சியம் குறைவு என்கிறார்கள். தினமும் கறி தின்ற குட்டிக்கு எப்படிச் சத்துக் குறையும்?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: கறியை மட்டுமே தின்றதால்தான் குறைந்தது. 100 கிராம் கோழிச் சதையில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது. கால்சியமோ 15 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. வளரும் குட்டியின் உணவில் கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இதயமும் தசையும் இயங்கா என்பதால், கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. அதனால் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே தெரியலாம், எலும்பு மட்டும் உள்ளுக்குள் மெலிந்துகொண்டே போகும். நோய் முற்றிய குட்டிகளின் கீழ்த்தாடையை விரலால் அழுத்தினால் ரப்பர்போல வளைந்து கொடுக்கும். சோபாவிலிருந்து குதித்தாலே கால் எலும்பு மடங்கி முறியும்.

அஞ்ச வேண்டாம், இந்த வயதில் பிடித்துவிட்டால் பெரும்பாலான குட்டிகள் தேறிவிடுகின்றன. எக்ஸ்ரே எடுத்து முறிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில வாரங்களுக்கு வழுக்கும் தரையில் ஓடவும், படியேறவும் விடாமல், மெத்தை விரித்த சிறிய இடத்தில் அடைத்து வையுங்கள். நாய்க்குட்டிகளின் வளர்ச்சிக்கென்றே தயாரிக்கப்பட்ட முழுமையான உணவுக்கு மாற்றி, ஆசைக்கு வேண்டுமானால் அவித்த கறியை மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் மேலே தூவுங்கள். கால்சியம் ஊசி போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் வைட்டமின் டி மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது, அளவு மீறினால் அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வளரும் குட்டிக்கு வீட்டு உணவு மட்டுமே போதுமென்ற முயற்சியை, பச்சையோ வெந்ததோ, நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. முதல் பதிலில் சொன்ன அளவுகளும் வளர்ந்த நாய்க்கு மட்டுமே உரியவை.

கேள்வி: ஆட்டுக்கறிக் கடையில் நுரையீரல், ஈரல் கழிவுத் துண்டுகளை இலவசமாகத் தருகிறார்கள். எங்கள் டாஷ்ஹண்ட் பச்சையாகவே ஆசையாகத் தின்கிறது. தரலாமா?
– சேரன்மகாதேவி வாசகர்

பதில்: வேகாமல் ஒரு துண்டுகூடத் தராதீர்கள். ஆட்டின் நுரையீரலிலும் ஈரலிலும் சில சமயம் தண்ணீர் கோத்த வெண்மையான கட்டிகள் இருக்கும். கடைக்காரர் அறுத்து ஒதுக்கும் துண்டுகளில் அவை இருக்கவே வாய்ப்பு அதிகம். அவற்றுக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம். அதைத் தின்ற நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்கள் நூற்றுக்கணக்கில் வளரும். நாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது. ஆனால் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் அதன் ரோமத்திலும், வீட்டு முற்றத்திலும் ஒட்டியிருந்து, நாயைத் தடவிய கையோடு நம் வாய்க்குள் போனால், ஆட்டுக்கு வந்த அதே நீர்க்கட்டி மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் பல ஆண்டுகள் சத்தமின்றி வளரும். பெரும்பாலும் அறுவை சிகிச்சையில்தான் முடியும்.

கட்டியுள்ள துண்டை நாய்க்கும் போடாமல், தெருவிலும் எறியாமல் ஆழப் புதைக்கச் சொல்லுங்கள். கட்டியில்லாத நல்ல நுரையீரலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நடுப்பகுதியும் வேகும்வரை கொதிக்கவைத்தால் வாரத்தில் ஓரிரு முறை தரலாம். இதுவரை பச்சையாகத் தின்றிருப்பதால், பிராசிகுவான்டெல் சேர்ந்த பூச்சி மாத்திரையை இந்த வாரமே மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை தொடருங்கள். மாத்திரை கொடுத்த பிறகு சில நாள்களுக்கு மலத்தைக் கையுறை போட்டு எடுத்துப் புதைப்பது நல்லது.

கேள்வி: கடற்கரையில் இருப்பதால் சாளை மீன் மலிவு. 4 கிலோ நாய்க்குப் பச்சையாகத் தரலாமா? கருவாடு?
– உவரி வாசகி

பதில்: சாளை நாய்க்கு மிக நல்ல உணவு, கறியில் கிடைக்காத வைட்டமின் டியும் ஒமேகா-3 கொழுப்பும் அதில் இருக்கின்றன. ஆனால் சாளை இனத்து மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருப்பதால், பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் நரம்புத் தளர்ச்சி வரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். தலையும் குடலும் நீக்கி, உப்பு, புளி, மிளகாய் எதுவும் சேர்க்காமல், முள் விரலில் நசுங்கும்வரை குக்கரில் வேகவிட்டு மசித்து, வாரம் இருமுறை ஒரு சிறிய மீன் கொடுங்கள். அன்றைக்கு அதே எடையளவு கறியைக் குறைத்துவிடுங்கள். கருவாட்டை எவ்வளவு ஊறவைத்தாலும் உப்பு முழுவதும் இறங்குவதில்லை, ஆகவே அது வேண்டாம்.