கடை சர்வரைத் திரும்பச் சேர்க்க 300 ஜிபியையும் புதிதாக ஏற்ற வேண்டுமா?

கேள்வி: திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மருந்து மொத்தக் கடை வைத்திருக்கிறேன். பில்லிங் முழுக்க போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் பாளையங்கோட்டை வீட்டில் ஒரு நகல் சர்வரும் ஓடுகிறது. போன வாரம் கரண்ட் போய் கடை சர்வர் நின்றதும் வீட்டு நகலையே முதன்மை சர்வராக மாற்றிவிட்டோம். இப்போது கடை சர்வர் சரியாகிவிட்டது. அதை நகலாகச் சேர்க்க, இருப்பதை அழித்து 300 ஜிபியையும் புதிதாக ஏற்ற வேண்டும், அதற்குத் தனி சாஃப்ட்வேர் வாங்க வேண்டும் என்கிறார் சர்வீஸ் பார்ப்பவர். உண்மையா?

பதில்: அண்ணாச்சி, முதலில் அந்த சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டாதீர்கள். இதற்கான கருவி போஸ்ட்கிரெஸ் கூடவே இலவசமாக வருகிறது. 2016 தொடக்கத்தில் வெளியான 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. பெயர் பிஜி_ரிவைண்ட். கறுப்புத் திரையில் அடிக்கிற ஒரு வரிக் கட்டளை.

கடைக் கணக்கில் சிட்டை, பேரேடு என்று இரண்டு உண்டு அல்லவா? போஸ்ட்கிரெஸும் எதையும் முதலில் சிட்டையில் எழுதிவிட்டுத்தான் பேரேட்டில் ஏற்றும். கடைச் சிட்டையும் வீட்டுச் சிட்டையும் எந்த இடத்தில் பிரிந்தன என்று ரிவைண்ட் கண்டுபிடிக்கும். அதற்குப் பிறகு கடைப் பேரேட்டில் மாறிய பக்கங்களை எடுத்துவிட்டு, வீட்டிலிருக்கும் அதே பக்கங்களை வைக்கும். மாறாததைத் தொடாது. மிச்சத்தை, கடை சர்வர் எழும்போது வீட்டுச் சிட்டையைப் படித்துத் தானே பிடித்துக்கொள்ளும்.

இப்போது சொல்வதை நிதானமாகப் படியுங்கள். கரண்ட் வந்ததும் கவுன்டர் பையன் பழைய சர்வரிலேயே நாலு பில் போட்டிருந்தால், ரிவைண்ட் ஓடியதும் அந்த நாலும் போய்விடும். ஒருவரும் பில் போடவில்லை என்றாலும், கரண்ட் போன நொடியில் வீட்டுக்கு வந்து சேராத கடைசிப் பில் ஒன்றிரண்டு அங்கே கிடக்கலாம். அதுவும் போகும். இதைவிட மோசம், ஒரே பில் எண் இரண்டு பக்கமும் இரண்டு வாடிக்கையாளருக்கு விழுந்திருக்கலாம். ஜிஎஸ்டியில் ஒரு நிதியாண்டுக்குள் ஒரே எண் திரும்ப வரக் கூடாது. அதனால் கடை சர்வரின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு, தனியாக ஓடவிட்டு, அந்த நாள் பில்களை வெளியே எடுத்து வீட்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். அப்புறம் முறையாக நிறுத்தி, டேட்டா ஃபோல்டரை வேறு டிஸ்க்கில் அப்படியே நகல் எடுத்து வையுங்கள். பழைய ஃபோல்டரை அழித்துவிட்டு வேலை ஆரம்பிக்கிறேன் என்பவரைக் கீபோர்டுப் பக்கமே விடாதீர்கள்.

வால்_லாக்_ஹின்ட்ஸ் என்ற அமைப்போ, பக்கம் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் டேட்டா செக்சமோ கடை சர்வரில் முன்பே போட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ரிவைண்ட் மறுத்துவிடும். அப்போது முழு நகல்தான் வழி.

நெட்வொர்க் வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, கட்டளையைக் கடை கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். டார்கெட் என்ற இடத்தில் கடையின் டேட்டா ஃபோல்டர், சோர்ஸ் என்ற இடத்தில் வீட்டு சர்வரின் முகவரி. முதலில் ட்ரை-ரன் சேர்த்து ஒத்திகை பார்த்துவிட்டு நிஜமாக ஓட்டுங்கள். பதிப்பு 13 அல்லது அதற்கு மேல் என்றால் பெரிய ஆர் எழுத்தையும் சேருங்கள். அது இல்லாமல் கிளப்பினால் கடை சர்வர் நகலாக எழாமல் இன்னொரு முதலாளியாக உட்கார்ந்துகொள்ளும். பாதியில் நின்றால் அந்த ஃபோல்டரைக் கிளப்பவே வேண்டாம்.

இதற்கெல்லாம் டேட்டாபேஸில் முழு அதிகாரம் உள்ள சூப்பர்யூசர் பாஸ்வேர்டு கையில் வேண்டும். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். மெஷின் உங்களுடையது, கணக்கு உங்களுடையது, வருஷா வருஷம் ஏஎம்சி கட்டுவதும் நீங்கள். பாஸ்வேர்டு மட்டும் சர்வீஸ்காரர் செல்போனில். இந்த ஊரில் எத்தனை கடையில் இதே கதையைப் பார்த்துவிட்டேன்! ஒரு முதலாளி தன் சொந்தப் பில்களைப் பார்க்க மூன்று நாள் காத்திருந்தார். கேட்டால், பாதுகாப்பு என்கிறார்கள். யாருக்குப் பாதுகாப்பு?

இன்றைக்கே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாளைக் கடத்தினால் வீட்டு சர்வர் பழைய சிட்டைகளைக் கழித்துவிடும், கடை சர்வரால் பிடித்துக்கொள்ள முடியாமல் போகும். ரிவைண்ட் முடிந்து கிளப்பியதும், வீட்டு சர்வரில் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன் பட்டியலைத் திறந்து பாருங்கள். கடை சர்வருக்கான வரியில் ஸ்ட்ரீமிங் என்று இருந்தால் சேர்ந்துவிட்டது.