யார் கூப்பிட்டாலும் எடுக்காமல் "மெசேஜ் பண்ணுங்க" என்பது திமிரா?

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் தம்பி யாருடைய போனையும் எடுப்பதில்லை. கட் செய்துவிட்டு "மெசேஜ் பண்ணுங்க" என்று அனுப்புகிறான். நேரில் நன்றாகத்தான் பேசுகிறான். இது கூச்சமா, திமிரா?

இரண்டும் இல்லை. நானும் உங்கள் தம்பி ரகம்தான். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபோது எனக்கு வயது 33. அதுவரை சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கும் திமிர் பிடித்தவன் என்றுதான் பெயர்.

போனில் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அர்த்தம்தான் நாலைந்து விநாடி பின்னால் வரும். மனிதப் பேச்சில் ஒருவர் கேட்டு முடித்து இன்னொருவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் இடைவெளி சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று பத்து மொழிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நாலைந்து விநாடி என்பது அந்தக் கணக்கில் ஒரு யுகம். நேரில் என்றால் யோசிக்கிறான் என்பது என் முகத்திலேயே தெரிந்துவிடும், எதிரில் இருப்பவர் காத்திருப்பார். போனில் அதே மௌனத்துக்கு "ஹலோ... ஹலோ... லைன்ல இருக்கீங்களா?" என்பார்கள். அந்த ஹலோ போதும், தலைக்குள் அதுவரை கோர்த்து வைத்திருந்தது எல்லாம் சரிந்துவிடும்.

போன் குரலே கொஞ்சம் வெட்டப்பட்ட குரல் என்பது வேறு. பழைய டெலிபோன் தடத்தில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிதான் போகும். ஸ, ஃப இரண்டையும் பிரித்துக் காட்டும் சத்தம் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. "எஸ் ஃபார் சேலம்" என்று எல்லோருமே சொல்ல வேண்டியிருப்பது அதனால்தான். மற்றவர்கள் விடுபட்டதை ஊகித்து நிரப்பிக்கொண்டே போகிறார்கள். எனக்கு அந்த நிரப்பும் வேலைக்கே பாதித் தெம்பு போய்விடும்.

2019-இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பெருங்களத்தூரில் மதுரை ஆம்னி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். டிரைவர் கூப்பிட்டார். "சார், பங்க் தாண்டி இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, ரெண்டு நிமிஷத்துல வந்துருவேன்." சுற்றிலும் ஹாரன். எந்தத் திசையிலிருந்து தாண்டி? அவருக்கு இந்தப் பக்கம் என்றால் எனக்கு எந்தப் பக்கம்? கேட்டிருக்கலாம்தான். ஆனால் என் வாய் "சரி சரி" என்றது. பஸ் என் கண் முன்னாலேயே, சாலையின் வேறு ஓரத்தில் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. 850 ரூபாய் டிக்கெட்.

அந்தச் "சரி"யைக் கவனியுங்கள். போனில் நான் சொல்லும் சரிக்கு, புரிந்தது என்று அர்த்தம் இல்லை. தயவுசெய்து நிறுத்துங்கள் என்று அர்த்தம். எழுத்தில் நான் "சரி" என்று போட்டால், மூன்று முறை படித்துவிட்டுத்தான் போட்டிருப்பேன். என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒன்று பிடிபட்டதும் பாதிச் சண்டை தீர்ந்தது. இப்போது மேனேஜர் அவசரத்துக்குக் கூப்பிட்டாலும், வைத்த பிறகு ரெண்டு வரி அனுப்பிவிடுவார்.

இது என் ஒருவன் கதை இல்லை. ஆட்டிசம் உள்ள 245 பேரிடம் கேட்டு 2021-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே ஏறக்குறைய "போன் மட்டும் வேண்டாம்" என்பதுதான். டாக்டர், அரசு அலுவலகம் போன்ற இடங்களோடு தொடர்புகொள்ள மின்னஞ்சலையே அவர்கள் அதிகம் விரும்பினார்கள். நெருங்கியவர்களோடு என்றால் நேரில் பேசுவதும் பிடித்திருந்தது. உங்கள் தம்பி நேரில் நன்றாகப் பேசுவதற்கும் போனை வெட்டுவதற்கும் முரண் ஒன்றும் இல்லை. (எல்லோரும் இப்படி என்றும் இல்லை. டைப் செய்வதுதான் கஷ்டம், போனே பரவாயில்லை என்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.)

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. நியாயமான மாற்று ஏற்பாடு கேட்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை "மெயில் அனுப்புங்கள்" என்பதைவிட மலிவான ஏற்பாடு எதுவும் கிடையாது. ஆனாலும் போனில் உறுதி செய்தால்தான் ஆயிற்று என்று ஒரு அலுவலகத்தில் என் விண்ணப்பத்தை ரெண்டு மாதம் வைத்திருந்தார்கள். அரசுத் தமிழில் ஆட்டிசத்துக்கு "புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்" என்று வேறு எழுதுகிறார்கள். அதை ஒருமுறை போனில் மூச்சு விடாமல் சொல்லிப் பாருங்கள்.

கடினமாக இருந்தது அம்மாவோடுதான். அம்மா போனில் "அப்புறம்..." என்பாள். அது "இன்னும் சொல்லு" என்பதா, "வைக்கட்டுமா" என்பதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வைத்துவிட்டால் அவளுக்கு வருத்தம், வைக்காவிட்டால் அடுப்பில் பால் பொங்கிவிடும். டைப் செய்ய அவளுக்கு வராது. வாய்ஸ் மெசேஜும் எனக்குப் பாதி போன் மாதிரிதான். போன வருஷம் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறாள். முன்பக்கத்து ராகு காலம் மங்கலாகத் தெரியும். நேற்று வந்தது இது:

"சித்தி பொண்ணுக்கு வர்ற ஞாயிறு வளைகாப்பு. சாப்பாடு 12 மணிக்கு. வந்தா சந்தோஷம். சித்தி உனக்குப் போன் பண்றேன்னா, நான் வேண்டாம்னுட்டேன். அப்புறம், மாவு புளிச்சிடும், இன்னைக்கே தோசை ஊத்திடு."